பனங்காய்ப் பணியாரம்: தீவகத்து உணவு வரலாற்றில் ஓர் ஏடு

ஆடி கழிந்து ஆவணி பிறக்குங் காலத்தில் இறுப்பிட்டியின் பனங்கூடல்களிற் பழம் விழத் தொடங்கும். இரவின் அமைதியைக் குலைத்துத் தொப்பென விழும் அவ்வொலி தீவகத்தாருக்குப் பழகிய தொன்று. விடியுமுன்னரே பெண்களுஞ் சிறுவருங் கடகங்களோடு கூடலுக்குட் புகுந்து, காவோலைகளுக்கிடையே கிடக்கும் பழங்களைப் பொறுக்கிச் சேர்ப்பர். பிந்திச் சென்றவர்க்கு மாடு சூப்பிய எச்சமே மிஞ்சும். பழுத்த பனம்பழத்தின் மணத்துக்கு வேலி ஒரு தடையன்று. ஒரு வளவிற் பழம் பிழிந்தால் நான்கு வளவுக்குத் தெரியும். அம்மணத்தை விரும்பாதாரும் உளர். விரும்பினாரோ அதனை வாழ்நாள் முழுதும் மறப்பதில்லை.

இப்பழத்தின் களியை மாவோடு பிசைந்து எண்ணெயிற் பொரித்தெடுப்பதே பனங்காய்ப் பணியாரம். பழத்தாற் செய்யப்படுவதாயினும் அதனைப் பனங்காய் என்றே கூறுதல் யாழ்ப்பாணத்து வழக்கு. அப்பணியாரம் இன்று சிறுவர் விரும்பும் ஒரு தின்பண்டமாகவும், கடல் கடந்து வாழ்வோர் ஊரை நினைத்துப் பெருமூச்செறிதற்கு ஒரு காரணமாகவும் மட்டுமே கருதப்படுகின்றது. அதற்கும் ஒரு வரலாறு உண்டென்பதைப் பலர் எண்ணுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சரித்திரம் எழுதினோர் அரசரையும் போரையுங் கோயிலையும் எழுதினர். அடுக்களைக்குள் அவர்கள் எட்டிப் பார்த்தது குறைவு. ஆனால் தீவகம் போன்ற வறண்ட நிலத்தில் மக்கள் எவ்வாறு உயிர் வாழ்ந்தனர் என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் அடுக்களையிலேதான் உள்ளது.

இறுப்பிட்டி புங்குடுதீவைச் சேர்ந்த ஒரு பகுதி. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்துள்ளது. பெயர் மாறினும் நிலம் மாறவில்லை. சுண்ணக்கற் பாறைமேற் படிந்த மெல்லிய மண், பல இடங்களில் உவர்நீர்க் கிணறு, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையை நம்பிய ஒரு போக நெல் என்பனவே அந்நிலத்தின் இயல்பு. தையிலும் மாசியிலும் வெட்டிய நெல் ஆடி ஆவணிக்குள் அருகிவிடும். அடுத்த விளைவுக்கு இன்னும் ஐந்தாறு திங்கள் உண்டு. இந்த இடைவெளியின் தொடக்கத்திலேதான் பனம்பழம் விழுகின்றது. மழையையோ எருவையோ எதிர்பாராத ஒரு மரம், குடிகளின் நெற்குதிர் வெறுமையாகும் வேளை பார்த்துப் பழம் சொரிந்ததனை அக்காலத்தார் தெய்வத்தின் அருளென்றே கொண்டிருப்பர்.

பணியாரம் செய்தல் அன்று பழத்தின் முதன்மையான பயன் அன்று. முதன்மையானது பனாட்டு; பினாட்டு என்பதும் அதுவே. பழங்களைக் கழுவித் தலைப்பக்கத்து மூடிகளை நீக்கித் தோலுரித்துச் சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால், தும்போடு ஒட்டிய களி பிரிந்து வரும். அதனை வடித்து, வெளியிலே பந்தல்போல் உயர்த்திக் கட்டிய தட்டுகளில் ஓலைப்பாய் விரித்து அதன்மேற் பூசுவர். ஒரு நாள் வெயிலில் அது காயும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. அதன் மறுநாள் வேறொன்று. இவ்வாறு பல நாள் பூசிக் காய்ந்தபின், தோல்போலத் தடித்துச் செங்கருமை நிறங் கொண்ட தகட்டை உரித்து வெட்டி ஓலைப்பெட்டிகளிற் சேமிப்பர். மழைக்காலம் முழுவதும் அது கெடுவதில்லை. அதனைத் துண்டு துண்டாய் நறுக்கிப் பனம்பாணியில் ஊறவிட்டு வாசனைச் சரக்குச் சேர்த்தால் அது பாணிப் பனாட்டு. முன்னது பசிக்கு, பின்னது விருந்துக்கு.

இச்செய்திக்கு எழுத்துச் சான்றும் உண்டு. வில்லியம் வேர்குசன் என்னும் ஸ்கொத்லாந்தர் 1850 இற் கொழும்பில் வெளியிட்ட பனைமரம் பற்றிய நூல், இலங்கைப் பனையைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று. பனாட்டு தீவுகளில் வாழ்வோருக்கும் குடாநாட்டு எளிய மக்களுக்கும் ஆண்டிற் பல மாதங்களுக்குத் தலையாய உணவாய் இருந்தது என்னுங் கருத்தை அந்நூல் தருகின்றது. பனையின் பயன்கள் 801 எனக் கணக்கிட்ட தாலவிலாசம் என்னுந் தமிழ்ப் பாடலை மேனாட்டார் அறிந்ததும் அந்நூலின் வழியாகவே. 1859 இல் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் ரெனன்ற் அந்த எண்ணை எடுத்தாளவே, பனை என்றவுடன் எண்ணூற்றொரு பயன் என்று சொல்வது எங்கும் பரவிய ஒரு மரபாயிற்று. எண்ணூறு என்பதைக் கேட்டு வியந்தோர் பலர். அவற்றுள் ஒன்று ஒரு தீவின் மக்களைப் பல மாதம் உயிரோடு வைத்தது என்பதைக் கவனித்தோர் சிலரே.

பனாட்டோடு பழத்தின் பயன் முடிவதில்லை. பிழிந்த கொட்டைகளைப் பாத்தியிற் புதைத்தால் முளைவிடும். முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான். தை மாசியிற் கிண்டினாற் கிழங்கு. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தது ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவிற் கூழும் பிட்டும் ஆகும். எஞ்சிய ஊமல் அடுப்புக்கு. ஆகவே ஆவணியில் விழுந்த ஒரு பழம், களியாகவும் பனாட்டாகவும் கிழங்காகவும் ஒடியலாகவும் அடுத்த ஆவணி வரை ஒரு வீட்டைத் தொடர்ந்து செல்லும்.

இனிப் பணியாரத்துக்கு வருவோம். வடித்த களியைச் சீனியோடு, முற்காலத்திற் பனங்கட்டியோடு, அடுப்பிலேற்றிக் காய்ச்சுதல் முதற் படி. அடிப்பிடியாது துழாவிக்கொண்டிருந்தாற் பச்சை மணம் நீங்கிக் களி இறுகும். இதனைப் பொறுமையோடு செய்யாதவர் பின்னர் வருந்துவர். ஏனெனிற் பனங்களியில் இயல்பாகவே ஒரு கைப்பு உண்டு. ஆறிய களியில் அளவாக உப்பிட்டு, அவித்தரித்த கோதுமை மாவையோ வறுத்த அரிசி மாவையோ சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைவர். விரல்களால் அள்ளிக் கொதிக்கும் எண்ணெயில் விடும்போது ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி ஓர் உருவங் கொள்ளும். வட்டமாக வருவது அரிது, வர வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. புறத்தே செம்மையாய் முறுகி, அகத்தே மஞ்சளாய் மென்மையுற்று, இனிப்பின் இறுதியில் ஒரு சிறு கைப்பு நாவில் நிற்பதே நல்ல பணியாரம். அக்கைப்பு முற்றிலும் இல்லாத பணியாரத்தை அறிந்தோர் மெச்சுவதில்லை. சுட்ட சூட்டோடு உண்பதிலும் மறுநாள் உண்பது சிறந்ததென்பது பெரும்பாலோர் துணிபு. எனினும் மறுநாள்வரை அதனைக் காத்தல் எல்லா வீட்டிலும் இயல்வதன்று.

பணியாரம் என்னுஞ் சொல் பழமையானது. பண்ணியம் என்று சங்கநூல்களிலும் பண்ணிகாரம் என்று பிற்காலத்தும் வழங்கிய சொற்களோடு அது உறவுடையது. பனங்களிப் பலகாரமோ தமிழருக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்திற் கண்ணன் பிறந்தநாளை ஒட்டிப் பனங்களியையும் மாவையும் தேங்காய்த் துருவலையும் சேர்த்துப் பொரித்துப் படைப்பர். தாலேர் போரா என்பது அதன் பெயர். திங்களும் ஏறக்குறைய ஒன்றே. சீயத்திலும் கம்போடியாவிலும் பொரிப்பதற்குப் பதிலாக அரிசி மாவோடு சேர்த்து ஆவியில் அவிப்பர். தமிழ்நாட்டிலோ பனை மிகுதியாயிருந்தும், பழத்தைச் சுட்டும் அவித்தும் உண்ணும் வழக்கமே பெரிது. பணியாரம் யாழ்ப்பாணத்தைப்போல அங்கே வேரூன்றவில்லை.

மாவைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கோதுமை இந்நாட்டில் விளைவதன்று, கப்பலில் வருவது. பாண் என்னுஞ் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றது. ஆகவே அரிசி மாவிற் செய்யும் முறை முந்தியதாதல் வேண்டும். ஆனால் அரிசி அருகிய ஆவணியில், அரிசி மாவையும் எண்ணெயையும் தின்பண்டத்துக்குச் செலவிட எத்தனை வீடுகளால் இயன்றிருக்கும்? எனவே பணியாரம் முற்காலத்தில் வசதியுடையோர் வீட்டுப் பொருளாகவும், ஏனையோர்க்கு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ கிட்டும் பொருளாகவும் இருந்ததெனக் கருதலாம். புங்குடுதீவார் கொழும்பிலும் தென்னிலங்கையின் பிற நகரங்களிலும் கடைகள் வைத்துப் பெயர்பெற்ற வணிகர். கடை வைத்த ஊரிலிருந்து பணமும், பணத்தோடு மாவுஞ் சீனியும் தீவுக்கு வந்தன. 1942 இற் பர்மா யப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசி வரவு நின்றபோது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா இலங்கையெங்கும் பங்கிடப்பட்டது. அதுவரை புதுமையாயிருந்த மா அதன்பின் அன்றாடப் பொருளாயிற்று. யாழ்ப்பாணத்துப் பெண்கள் அதனை அவித்து அரித்துப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் பணியாரத்துக்கும் பழக்கிக்கொண்டனர். இன்று தொன்மை என்று போற்றப்படும் பணியாரத்தின் பாதி இவ்வாறு கப்பலில் வந்தது என்பதிற் குறைவொன்றும் இல்லை. மற்றப் பாதி எங்கிருந்து வந்ததென்பதை மறப்பதே குறை. 1970 இற்குப்பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும், 1990 இற்குப்பின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோதும் மாவுஞ் சீனியும் அரிதாயின. பனை மட்டும் தடைக்குக் கட்டுப்படவில்லை.

தடைக்காலத்திற் சவர்க்காரம் கிடையாதபோது பனங்களியில் உடை தோய்த்தோரும் உளர். இது கேலிக்குரியதன்று. களியின் கைப்புக்குக் காரணமான வேதிப்பொருள்களைப் பிற்கால ஆய்வாளர் பிரித்தெடுத்து, மரத்தின் தாவரவியற் பெயரையொட்டிப் பிளபெலிபெரின் எனப் பெயரிட்டனர். அவை நீரில் நுரைக்கும் சப்போனின் இனத்தைச் சேர்ந்தவை. நாவிற் கைத்ததும் துணியில் நுரைத்ததும் ஒரே பொருளே என்பது ஆய்வுகூடத்தில் உறுதியாகுமுன், அதன் இரு பயன்களையும் அடுக்களையுங் கிணற்றடியும் அறிந்திருந்தன.

1990, 1991 ஆம் ஆண்டுகளிற் போர் தீவகத்தை அடைந்தது. புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையினர் வீடு வாசலை விட்டு நீங்கினர். பலர் குடாநாட்டுக்கும் வன்னிக்கும், அங்கிருந்து கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு முதலிய நாடுகளுக்கும் சென்றனர். கூடல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பழங்களைப் பொறுக்குவார் இல்லை.

அவ்வாறு கனடா சென்றோர் ஆவணித் திங்களில் அந்நாட்டுச் சந்தையிற் காண்பது வேறொரு பழம். புளூபெரி என்பது அதன் பெயர். நாவற்பழத்தின் நிறமும் சிறு இலந்தையின் அளவும் உடையது. மாவினாற் செய்த ஓட்டுக்குள் இப்பழத்தைச் சீனியோடு நிறைத்துச் சூட்டடுப்பிற் சுடும் பணியாரத்துக்குப் பை என்று பெயர். (நாம் கடைக்குக் கொண்டு செல்லும் பைக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை.) ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2011 இல் தன் காட்டுப் புளூபெரியாற் செய்த பையைத் தன் அதிகாரபூர்வ இனிப்புணவாகச் சட்டஞ் செய்தது. பனங்காய்ப் பணியாரத்துக்கு எந்த அரசும் இன்னும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

இப்பழத்தின் வரலாறு தீவகத்தாருக்குப் பெரிதும் பழகியதாய்த் தோன்றும். 1615 இற் சம்பிளேன் என்னும் பிரான்சிய நாடுகாண் பயணி ஹியூரன் ஏரிப் பக்கத்தில், அந்நிலத்துப் பழங்குடியினர் புளூபெரியைப் பொறுக்கி மாரிகாலத்துக்காக உலர்த்திச் சேமித்ததைக் கண்டு குறித்துள்ளார். உலர்ந்த பழத்தை இறைச்சியோடும் கொழுப்போடும் இடித்துச் சேர்த்து நெடும்பயண உணவாக்கியோரும் அந்நாட்டில் இருந்தனர். பழம் நன்கு காய்க்கும்பொருட்டுப் பற்றைகளைத் தீயிட்டுப் புதுப்பிக்கும் முறையையும் அவர்கள் அறிந்திருந்தனர். பின்னர்க் குடியேறிய ஐரோப்பியர் தம்மோடு கொண்டுவந்த கோதுமை மா, வெண்ணெய், சீனி ஆகியவற்றை அதே பழத்தோடு கூட்டினர், பை பிறந்தது. அங்கும் வெயிலில் உலர்த்திய பழம் முந்தியது, மாவிற் பொதிந்த பழம் பிந்தியது. அங்கும் பிந்தியதன் புகழ் முந்தியதனை மறைத்துவிட்டது.

ஒப்புமை இவ்வளவே. இதன்பின் இரு பழங்களின் வழியும் பிரிகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புளூபெரி காட்டுப் பழமாகவே இருந்தது. அதனைத் தோட்டத்தில் வளர்க்க இயலாதென்றே பலர் நம்பினர். அமெரிக்க விவசாயத் திணைக்களத்துத் தாவரவியலாளர் பிரெடெரிக் கோவில் என்பார் 1908 அளவில் ஆராய்ச்சி தொடங்கி, அச்செடிக்குப் புளிப்புத்தன்மையுள்ள மண் இன்றியமையாதது என்று கண்டு, 1910 இல் அறிக்கை வெளியிட்டார். நியூ யேர்சியில் விவசாயக் குடும்பமொன்றைச் சேர்ந்த எலிசபெத் வைற் என்னும் பெண்மணி 1911 இல் அதனைப் படித்து அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் செய்தது எளியவொரு செயல். ஆனால் பயன் பெரிது. காட்டிற் பழம் பொறுக்கும் அயலவரிடம் ஓர் அளவுகருவியைக் கொடுத்து, ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்குக்குக் குறையாத பழமுள்ள செடி எங்கே நிற்கின்றது என்று கேட்டார். காட்டிக் கொடுத்தவர்க்குக் கூலி. செடிக்கோ கண்டுபிடித்தவரின் பெயர். றூப் லீக் என்பவர் காட்டிய செடி றூபெல் என்னும் பெயரோடு இன்றும் பயிரிடப்படுகின்றது. 1916 இல் முதல் விளைவு விலைக்கு வந்தது. பழம் பொறுக்குவோரின் மனத்தில் மட்டும் இருந்த அறிவு இவ்வாறு ஐந்தே ஆண்டில் ஏட்டில் ஏறித் தோட்டமாயிற்று.

பனைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அதற்கு மரத்தின் இயல்பும் ஒரு காரணம். கொட்டையிலிருந்து முளைத்த பனை, வடலியாய் நின்று பழந் தருவதற்குப் பதினைந்து ஆண்டு வரையிலும், சில வேளை அதற்கு மேலும் செல்லும். ஆணோ பெண்ணோ என்பதும் பூக்கும்வரை தெரியாது. இனிய பழத்தின் கொட்டையை நட்டால் இனிய பழமே கிடைக்குமென்ற உறுதியும் இல்லை. மகரந்தம் வேறொரு மரத்திலிருந்து வருவது. பதியமாகவோ ஒட்டாகவோ அதனைப் பெருக்க முடியாது. ஆயினும் இயல்பை மட்டும் பழித்தல் பொருந்தாது. எந்த மரத்தின் பழம் இனிக்கும், எது கைக்கும், எதிற் களி மிகுதி, எது பனாட்டுக்கு மட்டும் உகந்தது என்பதெல்லாம் வளவுக்குரியோர் அறிந்தவை. பணியாரத்துக்குரிய பழத்தை எந்த மரத்தடியிற் பொறுக்குவதென்பதை ஒரு வீட்டின் மூதாட்டி சொல்வாள். சிறுவர் அதன்படி ஓடுவர். 1707 இல் ஒல்லாந்தர் ஏற்றுக்கொண்ட தேசவழமைத் தொகுப்பு நிலத்தின் உரிமையையும் மரத்தின் உரிமையையும் எழுதி வைத்தது. மரத்தின் சுவையை எவரும் எழுதவில்லை. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை களியைப் பதப்படுத்தி விற்கவும், பனாட்டைப் பெட்டியிலிடவும் செய்துள்ள முயற்சிகள் பாராட்டத்தக்கன. ஆயினும் ஒரு தீவின் ஆயிரக்கணக்கான மரங்களுள் எது எத்தன்மையது என்ற அறிவு 1991 இல் மூதாட்டியரோடு வள்ளமேறிச் சென்றுவிட்டது. அவர்களுட் பலர் இன்றில்லை.

புலம்பெயர்ந்தோர் பணியாரத்தைக் கைவிடவில்லை. களி கிடையாத ஊர்களிற் கரட்டை அவித்து மசித்து, சீனியும் மாவுங் கூட்டிப் பொரிக்கின்றனர். நிறம் ஏறக்குறைய வந்துவிடுகின்றது; மென்மையும் வருகின்றது. மணமுங் கைப்பும் வருவதில்லை. ஊரைக் கண்டிராத பிள்ளைகள் அதனையே பனங்காய்ப் பணியாரம் என்று அறிந்து விரும்பி உண்கின்றனர். அவர்களைக் குறைகூற இடமில்லை.

இறுப்பிட்டியிற் பொறுக்குவாரின்றி விழுந்த பழங்கள் விழுந்த இடத்திலேயே முளைத்தன. ஆளில்லா வளவுகளில், இடிந்த சுவர்களுக்கு உள்ளும் புறமும், வடலிகள் நெருங்கி வளர்ந்தன. 1991 இல் விழுந்த கொட்டையில் முளைத்தது இன்று முப்பது ஆண்டைக் கடந்த பனை. பெண்பனையாயிற் பழந் தரத் தொடங்கிப் பல ஆண்டாகியிருக்கும். அவற்றுள் எது இனிக்கும், எது கைக்கும் என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை. திரும்பி வந்து குடியேறியோரும், விடுமுறைக்கு வந்துபோவோரும் ஓர் ஆவணி விடியலிற் கடகத்தோடு சென்று, மரம் மரமாகப் பொறுக்கி, வெவ்வேறாகப் பிழிந்து, வெவ்வேறாகச் சுட்டுத் தின்றே அதனை அறிதல் வேண்டும்.